இணைச்சீர் வரைந்த சுவர்

"எங்கக்கா உள்ள வந்து பார்த்ததும் கண்ணு கலங்கோணும்ங்க ஆர்ட்டிஸ்ட். அது மட்டும் வந்துருச்சுன்னா போதும். மத்ததெல்லாம் உங்க இஷ்டம்ங்க."

சுவரில் படம் வரையச் சொல்லி என்னிடம் வந்தவர்கள் என்னென்னவோ கேட்டிருக்கிறார்கள். பனிமலை வேண்டும் என்பார்கள், ஏழு குதிரை வேண்டும் என்பார்கள், மயில் கிழக்கே பார்த்துத்தான் நிற்க வேண்டும் என்பார்கள். யாருடைய கண் கலங்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி ஆர்டர் கொடுத்தவர் இவர் ஒருவர்தான். அன்றைக்கு அது எனக்குப் பாசமாகத் தெரிந்தது. இவ்வளவு பெரிய பனியன் கம்பெனி வைத்திருக்கிற மனுஷனுக்கு அக்கா மேல் எத்தனை உருக்கம் என்று நானும் சேர்ந்து உருகினேன். அந்தப் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நான் தெற்கத்திக்காரன். பத்தாம் வகுப்பு முடித்த கையோடு திருப்பூருக்கு பஸ் ஏறியவன். ஒரு பிரிண்டிங் யூனிட்டில் டிசைன் வரைகிற வேலையில் ஒட்டிக்கொண்டேன். டி-ஷர்ட்டில் அச்சாகிற படத்தில் எத்தனை நிறம் இருக்கிறதோ அத்தனை ஷீட் தனித்தனியாக வரைய வேண்டும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன். வருஷக்கணக்கில் அதைச் செய்ததில் எதைப் பார்த்தாலும் இது எத்தனை நிறம் என்று எண்ணுகிற வியாதி வந்துவிட்டது. சாலையில் போகிற ஆளைப் பார்த்தால் மூன்று நிறம், ஐந்து நிறம் என்று மனசு தானாகப் பிரித்து வைக்கும். ஆளைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த அளவுக்கு ஆளின் உள்ளே பார்க்கத் தெரியவில்லை.

யூனிட்டில் நான் வரைந்ததெல்லாம் வெள்ளைக்காரக் குழந்தைகளின் நெஞ்சில் போய் உட்காரப்போகிற கரடிக்குட்டிகளும், வாலிபப் பையன்களுக்கான மண்டையோடுகளும்தான். அந்தச் சலிப்பைப் போக்கிக்கொள்ளத்தான் சுவர் வேலை. ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஊரில் ஏற்றுமதி கொழித்த வருஷங்கள் அவை. புதிது புதிதாக வீடு எழும்பியது, எல்லா வீட்டிலும் ஒரு பெரிய ஹால், ஹாலில் ஒரு பெரிய சுவர். ஷிப்ட் முடிந்த சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் எனக்கு வேலைக்குக் குறைவில்லை.

இவருடைய வீடு மங்கலம் போகிற சாலையில் இருந்தது. வாசலில் நுழைந்ததும் எதிரே தெரிகிற சுவரை எனக்கென்றே வெறுமையாக விட்டிருந்தார்கள். பதினெட்டு அடி நீளம். அதில் அவருடைய கல்யாணம் வர வேண்டும். தாலி கட்டுகிற காட்சி அல்ல, அதற்கு முன்னால் நடக்கிற இணைச்சீர். மாப்பிள்ளைக்கும் அவனோடு கூடப்பிறந்தவளுக்கும் சபை நடுவே செய்கிற சீர் அது. கூடப்பிறந்தவள் கல்யாணப் பெண்ணைப் போலவே அலங்காரம் செய்துகொண்டு தம்பி பக்கத்தில் வந்து நிற்பாளாம். கொங்குக் கல்யாணத்தில் அது முடியாமல் அடுத்த காரியம் நடக்காதாம். எங்கள் பக்கம் அப்படி ஒன்று கிடையாது, நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் வேறு. அந்த வார்த்தையையே அன்றைக்குத்தான் கேட்டேன். தெரியாது என்று சொல்லாமல், "பண்ணிரலாம் சார்" என்றேன். வேலை பிடிக்கிற அவசரத்தில் எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டுவது என் பழைய வழக்கம்.

கல்யாண ஆல்பத்தைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. மிச்சம் ஒரே ஒரு போட்டோ. தலைப்பாகை கட்டிய ஒல்லி மாப்பிள்ளை, அவர் கையிலிருந்து நீண்டு போகிற ஒரு சேலைத் தலைப்பு, அதோடு படம் முடிந்தது. அக்கா நின்ற பக்கம் முழுக்கக் கரையானுக்குப் போய்விட்டது. மிச்சத்தை நானாகக் கற்பனை செய்து ஒரு ஸ்கெட்ச் போட்டேன். சேலையின் மறுமுனையை அக்காவின் முந்தானையோடு முடிச்சுப் போட்டு வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவருடைய மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏனுங்க, இப்படி முடிச்சுப் போட்டா அக்காளும் தம்பியும் புருசன் பொஞ்சாதி ஆயிருவாங்களேங்க."

எனக்குக் காது மடலெல்லாம் சூடாகிவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "நீங்க ஒரு நாள் கணியூர் போய் எங்கக்காவையே கேட்டுட்டு வந்துருங்க. அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும்" என்றார்.

உடனே போகவில்லை. சுவரைத் தயார் செய்ய வேண்டியிருந்தது. பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, நூலில் நீலத்தூள் தடவிச் சுண்டிக் கட்டம் போட்டேன். அந்தச் சாயங்காலங்களில் அவர் கம்பெனியிலிருந்து வந்து, காலி பெயிண்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு என் சாரத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்வார். முதலாளி என்கிற தோரணையே இருக்காது. எனக்கும் சேர்த்து டீ வரும். பேச்சு எங்கே தொடங்கினாலும் அக்காவில் வந்து நிற்கும். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டார்களாம், அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாளாம், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றால் இரண்டு மைல் சுமந்துகொண்டு போய் விடுவாளாம். சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மும். அது நடிப்பு என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. அதுதான் என்னை அதிகமாக எரிச்சல்படுத்துகிறது. முழுக்க நடிப்பாக இருந்திருந்தால் இவ்வளவு நாள் இதைப் போட்டு உருட்டிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு நாள் அவராகவே சொன்னார். "மூணு வருசமா அக்கா என்றகூடப் பேசறதில்லீங்க. அப்பா பாகம் பிரிக்காமயே போய்ட்டாரு. கணியூர்ல கெணத்துத் தோட்டம் ஒண்ணு இருக்குது. மச்சான் தவறுனதுக்கப்புறம் அக்காதான் அதுல பாடுபட்டுச் சாப்படறா. பத்திரம் பண்ணலாம்னு ஒரு தடவை காயிதத்தோட போனேன். நான் பறிச்சுக்க வந்தேன்னு நெனச்சு ஊட்டுக்குள்ளயே உடலீங்க."

"நீங்க எதுக்குப் போனீங்க சார்?" என்று மேலே இருந்தே கேட்டேன்.

"அந்தத் தோட்டத்தை அவ பேருக்கே எழுதி வெச்சர்லாம்னுதாங்க. நான் சொன்னா நம்போணுமில்ல. யாராச்சும் வெளியாளு சொன்னா நம்புவா."

சொல்லிவிட்டு டீயைக் குடித்தார். என்னைப் போகச் சொல்லவில்லை, தூது கேட்கவில்லை, என் முகத்தைக்கூட ஏறிட்டுப் பார்க்கவில்லை. நான்தான் சாரத்திலிருந்து குனிந்து, "கணியூர் போவேன்ல, நான் சொல்லுதேன் சார்" என்றேன். பெரிய மனுஷர் ஒருவருடைய குடும்பத்தைச் சேர்த்து வைக்கப்போகிற பெருமை எனக்கு. தலைக்குள் அதுவே ஓடிக்கொண்டிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணியூர் போனேன். அக்கா தோட்டத்தில் தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். ஒடிசலான உடம்பு, வலது மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி, மண் படிந்த நீலச் சேலை. பார்த்ததுமே நான்கு நிறம் போதும் என்று மனசு கணக்குப் போட்டது. தம்பி வீட்டிலிருந்து வருகிறேன் என்றதும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டார்.

"அவன் அனுப்பிச்சானா? எதாச்சும் காயிதம் கொண்டாந்தீங்களா?"

"காயிதம் ஒண்ணும் இல்லக்கா. வெறும் பேப்பரும் பென்சிலும்தான். படம் வரையதுக்கு வந்தேன்."

இணைச்சீரைச் சுவர் முழுக்க வரையப்போகிறேன் என்று சொன்னதும் அந்த முகம் மாறியதை நான் பார்த்தேன். நம்பாமல் இன்னொரு முறை கேட்டார். கரையான் தின்ற போட்டோவைக் காட்டினேன். முடிச்சுப் போட்ட என் ஸ்கெட்சையும் காட்டினேன். அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கை கால் கழுவிக்கொண்டு வந்து, பெட்டியிலிருந்து ஒரு பட்டுச்சேலையை எடுத்து உதறினார்.

"இப்ப நீங்கதான் என்ற தம்பி. நிமுந்து நில்லுங்க பாக்கலாம்."

சேலையைக் கொசுவி ஒரு தலைப்பை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். மறு தலைப்பைத் தன் தோளில் போட்டுக்கொண்டு, தலையில் மூங்கில் கூடை இருப்பதாகப் பாவித்து ஒரு கையை உயர்த்திப் பிடித்தார். எங்கே விரல் மடங்க வேண்டும், கொசுவம் எவ்வளவு தொங்க வேண்டும், சீர் செய்து வைக்கிற அருமைக்காரர் எந்தப் பக்கம் நிற்பார், எல்லாம் சொன்னார். என் இடது கையில் சேலை, வலது கையில் பென்சில். தாளை மாட்டுத்தொட்டியின் விளிம்பில் வைத்து வரைந்தேன்.

"இது எதுக்குங்கக்கா செய்யுதாவ?" என்று கேட்டேன்.

"கட்டிக்கிட்டு வாரவளுக்கு இந்த ஊட்டுல எத்தனை பாத்தியதையோ, கூடப்பொறந்தவளுக்கும் அத்தனை உண்டுன்னு சபைக்கு முன்னால சொல்றதுங்க தம்பி. எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க. அன்னைக்கு அவன் இந்தத் தலைப்பை அப்படி இறுக்கிப் புடிச்சிருந்தான். சீர் முடிஞ்சும் உடல. அருமைக்காரரு 'உடு சாமி'ன்னு சொல்லோணுமாயிருச்சு."

அதன் பிறகு நான் வாயைத் திறந்திருக்கக் கூடாது. மூடிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் நான் வெறும் படம் வரைகிறவனாகவே இருந்திருப்பேன். ஆனால் திறந்தேன். தம்பி தினமும் உங்களைப் பற்றியே பேசுகிறார், தோட்டத்தை உங்கள் பேருக்கே எழுதப்போகிறார், நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று வருத்தப்படுகிறார் என்றெல்லாம் சொன்னேன். அக்கா சேலையை மடித்துக்கொண்டே கேட்டார். மடித்து முடித்ததும் என்னை நேராகப் பார்த்தார்.

"நீங்க வெளியாளு. இதுல உங்களுக்கு லாபமும் இல்ல, நட்டமும் இல்ல. அதனால கேக்கறேன். நெசமாவே அவன் அப்படித்தான் சொன்னானுங்களா?"

"நெசந்தான்க்கா. அவரு மாறிட்டாரு. நான் தெனமும் பாக்கேன்லா."

எனக்கு அவரைப் பதினோரு நாள்தான் பழக்கம். மாறிவிட்டார் என்று சொல்வதற்கு முன்னால் எப்படி இருந்தார் என்றுகூட எனக்குத் தெரியாது.

திரும்பி வந்து நடந்ததை வரிவிடாமல் ஒப்பித்தேன். அவர் கவனமாகக் கேட்டார். "அப்படிங்களா. அப்படிக் கேட்டாளுங்களா" என்று இரண்டு முறை சொன்னார். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டு, ஒரு புண்ணியம் செய்த திருப்தியோடு நின்றேன்.

சுவர் வேலை ஐந்து வாரம் பிடித்தது. அவ்வளவு மனசு வைத்து நான் எதையும் வரைந்ததில்லை. கூட்டத்தை வெளிர் நிறத்தில் பின்னால் தள்ளிவிட்டு, நடுவில் இரண்டு பேரை மட்டும் நிறம் கூட்டி நிறுத்தினேன். அவர்களுக்கு நடுவே சேலை. அந்தச் சேலையின் சிவப்புக்கு மட்டும் நான்கு நாள் ஆயிற்று. ஒரு சிவப்பு ரத்தம் மாதிரி அடித்தது, ஒன்று கட்சிக் கொடி மாதிரி இருந்தது, ஐந்தாவது கலவையில்தான் பட்டு வந்தது. அக்காவின் முகத்தை வயதைக் குறைத்து வரைந்தேன். மாட்டுத்தொட்டி விளிம்பில் போட்ட ஸ்கெட்சை ஒட்டி வைத்துக்கொண்டு, கன்னத்தில் சதை எங்கே இருந்திருக்கும் என்று தேடித் தேடிப் போட்டேன்.

அதைப் போட்டுக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அவருடைய மனைவி வந்து பின்னால் நின்றார். அவர் அதிகம் பேசாதவர். சாரத்தில் ஒரு கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லா வந்திருக்குதுங்க. நீங்க சுவத்தோட நிறுத்திக்குங்க ஆர்ட்டிஸ்ட். அதுக்கு மேல வேண்டாமுங்க."

நாத்தனார் முகம் தன் வீட்டு ஹாலில் இவ்வளவு பெரிதாக வருவது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். அவரைக் கொஞ்சம் மட்டமாகக்கூட நினைத்தேன். அந்த வீட்டில் எனக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

கடைசியில் ஓரமாகச் சின்னதாக என் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். டி-ஷர்ட்டில் யாரும் பெயர் போட விடமாட்டார்கள். இதிலாவது போட ஆசை. முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "ஊட்டுக்குள்ள பேரெல்லாம் வேண்டாமுங்க. கடைப் போர்டு மாதிரி ஆயிரும்." எவ்வளவு தன்மையாகச் சொன்னார் என்றால், நான் கேட்டதே தப்பு என்று எனக்குத் தோன்றிவிட்டது. திட்டுவதைக்கூட 'ங்க' போட்டுத் திட்டுகிற ஊர் இது. வந்து இத்தனை வருஷமாகியும் அந்த 'ங்க'வுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை.

புதுமனை புகுவிழாவுக்கு அக்கா வந்தார். மூன்று வருஷம் கழித்துத் தம்பி வீட்டு வாசலை மிதிக்கிறார். என்னிடம் காட்டிய அதே பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். உள்ளே நுழைந்தவர் இரண்டு அடி வைத்து நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்கள் முட்டிக்கொண்டு நின்றார்கள். சுவரைப் பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். தம்பி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் அழுதார். சொந்தக்காரர்கள் எல்லோரும் மூக்கை உறிஞ்சினார்கள். நான் சமையலறைக் கதவோரம் நின்று பார்த்தேன். கேட்டபடி கண் கலங்கிவிட்டது. என் தொழிலில் அன்றைக்குப்போல நான் கர்வப்பட்டதே இல்லை.

மூன்றாம் நாள் காலையில் யூனிட்டுக்கே அவருடைய கார் வந்தது. பத்திரம் எழுதப் போகிறோம், சாட்சிக்கு ஓர் ஆள் குறைகிறது என்றார். "அக்காவுக்கு உங்களைத் தெரியும், நம்புவா. வந்துட்டுப் போயிருங்க." லீவ் சொல்லிவிட்டு ஏறினேன். பதிவு அலுவலகத்தில் அக்கா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்களும் வந்தீங்களா தம்பி, சந்தோசம்" என்றார். முறை வந்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். சம்மதமா என்று அதிகாரி கேட்டார். அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். "சம்மதமுங்க" என்றார். தடுமாறித் தடுமாறித் தன் பெயரை எழுதினார். அடுத்து, கடைசிப் பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார்கள். நானும் போட்டேன். நல்ல கையெழுத்து எனக்கு. வளைவு நெளிவோடு, அலங்காரமாகப் போட்டேன்.

அதன் பிறகு நான்கைந்து மாதம் எனக்கு அந்த ஞாபகமே இல்லை. கிறிஸ்துமஸ் ஆர்டர், மூச்சு விட நேரமில்லை. அது முடிந்ததும் சுவரை ஸ்டூடியோக்காரரை வைத்து எடுத்திருந்த போட்டோவைப் பெரிதாகப் போட்டு, சட்டம் கட்டி, அக்காவுக்குக் கொடுக்கலாம் என்று கணியூர் போனேன்.

தோட்டத்துக்குள் போகிற வழியில் கம்பி வேலி இருந்தது. தென்னை ஒன்றுகூட இல்லை, வெட்டிய அடிமரங்கள் மட்டும் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. கிணற்றை மூடிவிட்டிருந்தார்கள். அது இருந்த இடத்தில் மண் இன்னும் புதிதாக இருந்தது. செம்மண் பாதைகளுக்கு இரு பக்கமும் வெள்ளையடித்த கற்கள் வரிசையாக நின்றன. அங்கே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "சைட் பாக்க வந்தீங்களா? மூலைச் சைட்டெல்லாம் போயிருச்சுங்க" என்றார். இங்கே இருந்த அம்மா எங்கே என்று கேட்டேன். மடத்துக்குளத்தில் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்.

நான் மடத்துக்குளம் போகவில்லை. அடுத்த பஸ்ஸில் திருப்பூர் வந்து, நேராக அந்த வீட்டுக்குப் போனேன். அவர் ஹாலில், அந்தச் சுவருக்குக் கீழே சோபாவில் உட்கார்ந்திருந்தார். நான் சத்தம் போட்டேன். என் ஊர்ப் பாஷையில் என்னென்ன வருமோ அத்தனையும் வந்தது. அக்கா பேருக்கு எழுதுகிறேன் என்று சொல்லித்தானே என்னைக் கூட்டிக்கொண்டு போனீர், விற்றுத் தின்றுவிட்டீரே என்று கத்தினேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"உக்காருங்க. காபி குடிங்க. எதுக்குங்க இப்படிப் படபடன்னு. பாகம் வேண்டாம்னு அக்காவே விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துட்டாளுங்க. நீங்களும் பக்கத்துல நின்னு பார்த்தீங்களே. மூணு வருசமா எளகாதவ, இந்தச் சுவத்தப் பாத்ததும் எளகிட்டா. எல்லாம் உங்க கைராசிங்க."

அந்தக் கைராசி என்கிற வார்த்தையை நான் எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு அது என் முகத்தில் காறித் துப்பியதுபோல் இருந்தது. என் கண்ணையும் கையையும், நான்கு நாள் தேடிப் பிடித்த சிவப்பையும், என் அசட்டுப் பெருமையையும் எல்லாவற்றையும் அளவெடுத்து வைத்துத்தான் அந்தக் காலி டின்னைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். உள்ளே அவருடைய மனைவி நிற்பது தெரிந்தது. அவர் வெளியே வரவில்லை. சுவரைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, வந்த வழியே திரும்பிவிட்டேன்.

மடத்துக்குளம் போக எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. பயம்தான், வேறென்ன. மகள் வீடு ஒரு வரிசை வீட்டில் நடுவில் இருந்தது. அக்கா வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கழுத்தெலும்பு தெரிய இளைத்திருந்தார். விரட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "வாங்க தம்பி" என்று சொல்லி, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். போட்டோவை நான் கொண்டுபோகவில்லை.

"எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமா உங்க பேருக்கு எழுதுதாவன்னுதான் நெனச்சேன். எந்தக் கோர்ட்டுல வேணும்னாலும் வந்து சொல்லுதேன்."

அக்கா கீரையை உருவுவதை நிறுத்தவில்லை. "மாப்பிள்ளை ஒரு வக்கீல்கிட்டக் கூட்டிட்டுப் போனாருங்க. ஏமாத்திட்டான்னு சொன்னேன். சாட்சி யாருன்னு கேட்டாரு. எங்க ஊட்டுச் சுவத்துல படம் வரைஞ்ச தெக்கத்தித் தம்பி, சூதுவாது தெரியாதவருன்னு சொன்னேன். படிச்சுப் பாத்துத்தான போட்டிருப்பாருன்னு கேட்டாரு."

இன்னும் ஒரு கொத்தை உருவி முடித்தார். அப்புறம் காம்பைக் கீழே போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"நான் உங்களைப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டேன். நீங்க எதைப் பாத்துட்டுங்க தம்பி போட்டீங்க?"

அந்த அறையில் என் முன்னால் பத்திரம் விரிந்து கிடந்தபோது நான் பார்த்துக்கொண்டிருந்தது அக்காவின் முகத்தை. சுவரில் மூக்கைக் கொஞ்சம் கூர்மையாகப் போட்டுவிட்டேனோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கு சரியாகத்தான் வந்திருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது.

"எதையும் பாக்கலக்கா" என்றேன்.